ஈஸ்ட் செல்லின் கொழுப்பு: ஓர் ஆய்வுப் பொருளின் வரலாறும் பயனும்

1823-ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்வுகள் ஒன்றையொன்று அறியாமல் நடந்தேறின. பாரிஸ் நகரில் மிஷேல் யூஜின் ஷெவ்ரல் என்னும் வேதியியல் அறிஞர், விலங்குக் கொழுப்புகளைப் பற்றித் தாம் பத்தாண்டுகளுக்கு மேலாகச் செய்துவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பெருநூலாக வெளியிட்டார். கொழுப்பு என்பது தனிப்பொருளன்று, கிளிசராலும் கொழுப்பு அமிலங்களும் கூடிய சேர்மம் என்று நிறுவிய நூல் அது. அதே ஆண்டில் கடல் கடந்து, புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகத்தினர் மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். 1954-இல் பிரெஞ்சு ஆட்சி விலகியபின் அப்பள்ளி மருத்துவக் கல்லூரியாக உருமாறி, 1964-இல் கோரிமேட்டில் ஜவகர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவ நிலையமாயிற்று. இன்று ஜிப்மர் என்று சிற்றூர்வாசிகளும் சொல்லும் மருத்துவமனை அதுவே.

ஷெவ்ரலின் நூலுக்கும் புதுவை மருத்துவப் பள்ளிக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் அந்நூல் தொடங்கிவைத்த கொழுப்பு வேதியியல், இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அம்மருத்துவமனையின் படுக்கை ஓரத்திற்கே வந்து நின்றது. 2021-ஆம் ஆண்டின் கோடையில் கொரோனாவின் இரண்டாம் அலையோடு, 'கருப்புப் பூஞ்சை' என்று மக்கள் பெயரிட்ட மியூகோர்மைகோசிஸ் நோயும் நாடெங்கும் பரவியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூக்கிலும் கண்குழியிலும் பற்றி மூளைவரை ஏறும் அந்நோய்க்கு முதன்மையான மருந்து ஆம்ஃபோடெரிசின். அதிலும் 'லிப்போசோமல்' என்ற அடைமொழியுடைய வகையைத்தான் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தனர். அது கிடைக்காமல் நோயாளிகளின் உறவினர்கள் ஊர் ஊராக அலைந்தனர். பழைய வகை ஆம்ஃபோடெரிசின் ஓரளவு கிடைத்தது. ஆனால் அது சிறுநீரகத்தைப் பழுதாக்கும். ஒரே மருந்து, கொழுப்புக் குமிழிக்குள் அடைபட்டால் மனிதனைப் பெரிதும் விட்டுவிட்டுப் பூஞ்சையைத் தாக்குகிறது. தனித்து வந்தால் இருவரையும் தாக்குகிறது. இஃது ஏன்?

இவ்வினாவுக்கான விடையின் பெரும்பகுதி, ரொட்டிக் கடைக்காரர் மாவில் தூவும் ஈஸ்டிலிருந்து பிரித்தெடுத்த கொழுப்பில் இருக்கிறது. அதனைப் பற்றியதே இக்கட்டுரை.

ஈஸ்ட் பூஞ்சைக் குலத்தைச் சேர்ந்த ஒற்றைச் செல் உயிர். ஒரு மில்லிமீட்டரை இருநூறாகப் பகுத்தால் அதில் ஒரு பகுதி அளவே இருக்கும். புதுவை மக்களுக்கு இது மிகப் பழகிய உயிர், பார்த்திராவிட்டாலும். பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற நீள ரொட்டியை உப்பச் செய்வது அது. தென்னையிலும் பனையிலும் பாளை சீவி இறக்கிய இனிய சாற்றைச் சில மணி நேரத்தில் கள்ளாக்குவதும், வேறு சில பாக்டீரியாக்களின் துணையோடு, அதுவே. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் அதே சாறு பதநீராகவே நிற்கிறது. காரத்தன்மை மிகுந்த நீரில் ஈஸ்டும் அதன் கூட்டாளிகளும் தலையெடுக்க இயலாமையே காரணம். ஒரு மரம், ஒரு சாறு. ஒரு விரலளவு சுண்ணாம்பு இருப்பதும் இல்லாததும் ஆகுமானதையும் ஆகாததையும் பிரித்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்க, எல்லை தாண்டிய புதுவையில் கள்ளுக்கடைகளை அரசே ஏலத்தில் விடுகிறது என்பதால், இவ்வேறுபாட்டை இங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு இளமையிலேயே சொல்லி வளர்க்கின்றன. ஆகாதது சாராயமேயன்றி ஈஸ்ட் அன்று என்பதையும் சேர்த்துச் சொல்லிவைப்பது நலம். ரொட்டி மாவில் தோன்றும் சிறிதளவு சாராயம் அடுப்பின் வெப்பத்தில் பெரும்பாலும் ஆவியாகிவிடுகிறது.

ஈஸ்ட் ஓர் உயிர் என்பதும், சர்க்கரை சாராயமாவது அவ்வுயிரின் செயல் என்பதும் லூயி பாஸ்டர் 1857 தொடங்கிச் செய்த ஆய்வுகளால் நிலைபெற்றன. நொதித்தலின்போது சாராயத்தோடு கிளிசராலும் சிறிதளவு உண்டாவதை அவர் கண்டார். கொழுப்பின் முதுகெலும்பென ஷெவ்ரல் காட்டிய அதே கிளிசரால்தான். முட்டை மஞ்சட்கருவிலிருந்து பாஸ்பரஸ் கலந்த கொழுப்பைப் பிரித்து அதற்கு லெசித்தின் என்று பெயரிட்டவர் தியோடர் கோப்லே, 1850-இல். கம்பு போன்ற ரை தானியத்தின் கதிரைப் பற்றும் எர்காட் பூஞ்சையிலிருந்து 1889-இல் எர்காஸ்டெராலைப் பிரித்தவர் ஷார்ல் தான்ரே. நால்வரும் பிரெஞ்சுக்காரர், கொழுப்பு வேதியியலின் முதல் நூற்றாண்டு ஏறத்தாழ பிரெஞ்சு மொழியிலேயே எழுதப்பட்டது எனலாம். எர்காஸ்டெராலின் மீது புறஊதாக் கதிரைப் பாய்ச்சினால் வைட்டமின் டி கிடைக்கும் என்பது பின்னர் ஜெர்மனியில் விளங்கிற்று. அத்துறையில் உழைத்த அடோல்ஃப் விண்டாஸ் 1928-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த எர்காஸ்டெராலை மலிவாகத் தரும் மூலம் ஈஸ்ட் என்பதால் வைட்டமின் தொழிற்சாலைகள் அதனைத் தேடி வந்தன.

ஆய்வுக்கூடம் ஈஸ்டைத் தேடி வந்த காரணம் வேறு. பாக்டீரியாவைப் போல் அது இரண்டு மணி நேரத்திற்குள் இரட்டிப்பாகிறது; ஆயின் பாக்டீரியாவுக்கு இல்லாத உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, உட்சவ்வுகள் அனைத்தும் அதற்கு நம்மைப் போலவே உண்டு. 1996-இல் உட்கருவுள்ள உயிர்களுள் முதலாவதாக ஈஸ்டின் மரபணுத் தொகுதி முழுவதும் படித்து முடிக்கப்பட்டது: 16 குரோமோசோம்கள், ஏறத்தாழ 6000 மரபணுக்கள். அவற்றை ஒவ்வொன்றாக நீக்கிய ஈஸ்ட் வகைகளின் தொகுப்பும் 2002-க்குள் அணியமாயிற்று. ஒரு மரபணு இல்லாத ஈஸ்டை வளர்த்து, அதன் கொழுப்பைப் பிரித்து, இயல்பான ஈஸ்டின் கொழுப்போடு ஒப்பிட்டால் அம்மரபணுவின் பணி புலப்படும். செல்லின் உள்ளே சவ்வுப் பைகள் சரக்கேற்றிச் செல்லும் வழியை ரேண்டி ஷெக்மன் கண்டறிந்ததும், செல் தன்னைத்தானே உண்டு புதுப்பிக்கும் வகையை யோஷினோரி ஓசுமி விளக்கியதும் ஈஸ்டில்தான். முன்னவருக்கு 2013-இலும் பின்னவருக்கு 2016-இலும் நோபல் பரிசு கிட்டியது.

இனி அக்கொழுப்பு எத்தகையது என்று காண்போம். 'கொழுப்பு' என்ற சொல் நம் மனத்தில் நெய்யையும் வாலையும் நினைவூட்டும். வேதியியலார் லிப்பிடு என்று கூறுவது அதனினும் விரிந்தது. நீரில் கரையாது, குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்களில் கரையும் உயிர்ப்பொருள்கள் அனைத்தும் அதில் அடங்கும். ரொட்டி ஈஸ்டின் உலர் எடையில் இது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு. அதன் ஒரு பகுதி சேமிப்புக் கொழுப்பாகச் சிறு துளிகளில் அடைந்து கிடக்கும். மீதியே சவ்வுகளாக விரிந்து செல்லுக்கு வெளிச்சுவரும் உள்ளறைகளும் அமைத்துத் தருகிறது. சவ்வின் பாஸ்போலிப்பிடுகளில் கோப்லேயின் லெசித்தினும், எத்தனாலமைன், செரின், இனோசிட்டால் என்பவற்றைத் தாங்கிய உறவினர்களும் உண்டு. இவற்றுள் இனோசிட்டால் வகை ஈஸ்டில் தனிச்சிறப்பாக மிகுந்திருக்கிறது.

இரண்டு செய்திகள் இங்கே கருதத்தக்கவை. முதலாவது: ஈஸ்ட் தானாக ஆக்கும் கொழுப்பு அமிலங்கள் மிகச் சிலவே. பதினாறு கார்பன் அல்லது பதினெட்டு கார்பன் நீளம். இரட்டைப் பிணைப்பு ஒன்றுமில்லை அல்லது ஒன்றே ஒன்று. அப்பிணைப்பை இடும் நொதியும் ஒன்றேதான். சோயா, முட்டை, மாட்டு ஈரல் ஆகியவற்றின் கொழுப்புகளில் இரண்டு மூன்று இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால் அவை காற்றுப்பட்டால் விரைவில் சிக்கலெடுக்கும். ஈஸ்டின் கொழுப்பு ஒப்பளவில் நெடுநாள் தாங்கும். இரண்டாவது: நம் சவ்வுகளில் கொலஸ்ட்ரால் இருக்குமிடத்தில் ஈஸ்டிலும் பிற பூஞ்சைகளிலும் எர்காஸ்டெரால் இருக்கிறது. இரண்டும் நான்கு வளையங்கள் கொண்ட ஒரே வார்ப்பு. எர்காஸ்டெராலுக்கு இரட்டைப் பிணைப்புகள் இரண்டு கூடுதல்; வாலில் மெத்தில் தொகுதி ஒன்று கூடுதல். இவ்வளவே வேறுபாடு. மனிதனைக் கொல்லாமல் பூஞ்சையைக் கொல்ல வேண்டிய மருத்துவருக்கு இச்சிறு வேறுபாட்டைவிட அகன்ற இடைவெளி அதிகம் வாய்க்கவில்லை.

ஈஸ்டைக் காற்றோட்டமில்லாமல் வளர்த்தால் இக்கொழுப்பு கெடும். எர்காஸ்டெராலை ஆக்கவும் கொழுப்பு அமிலத்தில் இரட்டைப் பிணைப்பிடவும் ஆக்சிஜன் வேண்டும். காற்றே இல்லாத குடுவையில் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கிப் பிழைக்குமேனும், இவ்விரு பொருள்களையும் வெளியிலிருந்து ஊட்டினாலன்றித் தொடர்ந்து பெருகாது என்பதை 1950-களின் முற்பகுதியில் ஆண்ட்ரியாசனும் ஸ்டையரும் காட்டினர். ஆகவே கொழுப்புக்காக வளர்க்கும் ஈஸ்டை, குலுக்கும் பொறியில், குடுவையின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீர்மம் நிரப்பாமல், ஏறத்தாழ 30 பாகை வெப்பத்தில் வளர்ப்பர். புதுவையின் மே மாத வெயிலில் அறை வெப்பமே அதனைத் தாண்டிவிடும். குளிரூட்டும் வசதியில்லாத குலுக்குப் பொறியை வாங்கிவிட்டு வருந்துவோர் கடலோர ஊர்களில் உண்டு.

வளர்ந்த ஈஸ்டை மையவிலக்குப் பொறியில் சுழற்றி அடியில் படியச் செய்து, நீரில் கழுவி எடுத்தால் தடித்த சுண்ணாம்புக் குழம்பு போன்ற பொருள் கிடைக்கும். இதனினின்று கொழுப்பைப் பிரிப்பதில் முதல் இடர் செல்லின் சுவர். குளுக்கானும் மன்னானும் சிறிது கைட்டினும் பின்னிய அச்சுவர் கரைப்பானை எளிதில் உள்ளே விடாது. அரை மில்லிமீட்டர் அளவுள்ள கண்ணாடி மணிகளைச் சேர்த்துக் கடுமையாகக் குலுக்கி உடைப்பது வழக்கம். ஆனால் சுவர் உடைந்த அக்கணமே செல்லின் உள்ளிருக்கும் கொழுப்பறுக்கும் நொதிகள் விடுபட்டுத் தம் வேலையைத் தொடங்கிவிடும். லெசித்தின் இருந்த இடத்தில் பாஸ்பாட்டிடிக் அமிலமும் தனிக் கொழுப்பு அமிலமும் தோன்றும். அதனை அறியாத மாணவர், ஈஸ்டில் அவை மிகுந்துள்ளன என்று ஆய்வேட்டில் எழுதிவிடுவார். இப்பிழையைத் தவிர்க்கவே, உடைக்குமுன் சூடான எத்தனாலில் சில நிமிடம் வைத்தோ, அமிலம் சேர்த்தோ நொதிகளை முடக்குகின்றனர்.

அடுத்தது கரைப்பான். பார்சலோனாவில் பிறந்து அமெரிக்காவில் மூளையின் கொழுப்பை ஆராய்ந்த ஜோர்டி ஃபோல்ச், 1957-இல் தம் துணைவர்களோடு ஒரு முறையை வெளியிட்டார்: குளோரோஃபார்ம் இரண்டு பங்கு, மெத்தனால் ஒரு பங்கு, திசுவைப் போல் இருபது மடங்கு கரைப்பான். இரண்டாண்டுகள் கழித்துக் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் மீன்வள ஆய்வகத்தில் பணியாற்றிய பிளையும் டயரும், மீன் தசைக்கென்று இதனைச் சிக்கனமாக்கினர். திசுவிலுள்ள நீரையே கரைப்பானின் ஓர் அங்கமாகக் கணக்கிட்டது அவர்களுடைய நுண்ணறிவு. ஒரு மில்லிலிட்டர் ஈஸ்ட் குழம்புக்கு, குளோரோஃபார்ம் ஒன்றும் மெத்தனால் இரண்டுமாகக் கலந்த கலவையில் 3.75 மில்லிலிட்டர் சேர்த்துக் கலக்க வேண்டும். இப்போது எல்லாம் ஒரே நீர்மமாய் நிற்கும். கொழுப்பு புரதத்தை விட்டு நீங்கும். பின்னர் 1.25 மில்லிலிட்டர் குளோரோஃபார்மும், அதே அளவு நீரும் சேர்த்தால் நீர்மம் இரண்டாகப் பிரியும். மேலே நீரும் மெத்தனாலும். அவற்றில் சர்க்கரையும் உப்பும். கீழே கனத்த குளோரோஃபார்ம், அதில் கொழுப்பு. இடையே வெள்ளை ஆடைபோல் புரதமும் சுவரின் சிதைவும். நீண்ட கண்ணாடிக் குழாயை ஆடைக்குள் செலுத்தி, அடி நீர்மத்தை மட்டும் உறிஞ்சி எடுப்பது கைப்பழக்கத்தால் வருவது. நூலில் படித்து வராது.

குளோரோஃபார்ம் ஈரலுக்குத் தீங்கானது. ஒளியும் காற்றும் பட்டால் நச்சுவாயுவாகச் சிதையும். அதனைத் தடுக்கக் கடையில் விற்கும் பல குளோரோஃபார்ம் புட்டிகளில் நூற்றுக்கு ஒரு பங்குக்குள் எத்தனால் கலந்தே வருகிறது; புட்டியின் பெயர்ச்சீட்டைப் படிக்கும் வழக்கமுடையோர்க்கே இது தெரியும். 2008-இல் வெளியான முறையொன்று குளோரோஃபார்முக்கு மாற்றாக ஓர் ஈதரைக் கையாள்கிறது. அதில் கொழுப்பு மேலடுக்கில் நிற்பதால் எடுப்பதும் எளிது. எனினும் நம் பல்கலைக்கழகங்களில் ஃபோல்சும் பிளை-டயருமே இன்னும் கோலோச்சுகின்றனர்.

எடுத்த நீர்மத்தைச் சுழல் ஆவியாக்கியிலோ நைட்ரஜன் வாயுவை மெல்ல ஊதியோ உலர்த்தினால் குழாயின் அடியில் மஞ்சள் நிறமான பிசுக்கு எஞ்சும். நூறு கிராம் பச்சை ஈஸ்டில் முக்கால் பங்குக்குச் சற்றே குறைவாக நீர் போக, இறுதியில் கைக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கிராம். அதை மீண்டும் குளோரோஃபார்மில் கரைத்து, கண்ணாடிப் புட்டியில், டெஃப்லான் பதித்த மூடியிட்டு, நைட்ரஜன் நிரப்பி, சுழிக்குக் கீழ் இருபது பாகைக் குளிரில் வைப்பர். கண்ணாடி என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் மாணவனாக இருந்த ஒரு கல்லூரியில், கண்ணாடிப் புட்டிகள் தீர்ந்துபோக, இரண்டு வாரத்து உழைப்பைப் பிளாஸ்டிக் குழாய்களில் இட்டு வைத்தோம். குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கின் மென்மையாக்கிகளைக் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பின்னர் பகுப்பாய்வில் புதிய பொருளொன்று பெருமளவில் தென்பட, அதனை ஈஸ்டின் அரிய கொழுப்பென்றெண்ணி மூன்று நாள் மகிழ்ந்திருந்தோம். நான்காம் நாள், ஈஸ்டே இடாத வெற்றுக் குழாயிலும் அது தோன்றியது. வெற்றுக் குழாயையும் உடன் வைத்துச் சோதிக்கும் வழக்கத்தின் அருமையை அன்று அறிந்தேன்.

வடித்துப் பிரிக்கும் இக்கலை இஸ்லாமிய உலகுக்கு அந்நியமானதன்று. கி.பி. 925-இல் மறைந்த அபூபக்ர் அர்ராஸீ தமது கிதாபுல் அஸ்ராரில் ஆய்வுக்கூடக் கருவிகளை வரிசைப்படுத்தி விளக்குகிறார். வாலையின் தலைப்பகுதியைக் குறித்த 'அல்-அன்பீக்' என்ற அரபுச் சொல் ஐரோப்பிய மொழிகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. கண்ணுக்கிடும் சுர்மாத் தூளைக் குறித்த 'அல்-குஹ்ல்' என்னும் சொல் ஐரோப்பியரின் கையில் பொருள் மாறி, 'ஆல்கஹால்' என மதுவின் சாரத்துக்குப் பெயராய் அமைந்தது மொழி வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

பிரித்தெடுத்த கொழுப்பை ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தானே ஆக்கிக்கொள்வதில்லை, விலைக்கும் வாங்குகின்றனர். இத்துறையில் பெயர்பெற்ற அவந்தி போலார் லிப்பிட்ஸ் நிறுவனத்தை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வால்டர் ஷா தொடங்கினார். 2020-இல் பிரிட்டனின் குரோடா நிறுவனம் அதனை வாங்கிற்று. இத்தகைய விற்பனைப் பட்டியல்களில் ஈஸ்டின் கொழுப்போடு, மாட்டின் இதயம், ஈரல், பன்றியின் மூளை, கோழிமுட்டை, சோயா எனப் பல மூலங்களின் கொழுப்புகளும் இடம்பெறுகின்றன. சவ்வுப் புரதங்களை ஆராய்வோர் செயற்கைக் கொழுப்புக் குமிழிகளைச் செய்து அவற்றில் புரதத்தைப் பதித்துப் பார்ப்பர். ஈஸ்டின் புரதத்துக்கு ஈஸ்டின் கொழுப்பே இயல்பான இருப்பிடம் என்பதால் அதனை விரும்புகின்றனர். குடற் பாக்டீரியாவான இ. கோலையின் கொழுப்பில் லெசித்தினும் இல்லை, ஸ்டெராலும் இல்லை. ஆதலால் உட்கருவுள்ள உயிர்களின் சவ்வுக்கு அது நல்ல மாதிரியாகாது.

ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் முஸ்லிம் மாணவர் இப்பட்டியலைக் கண்டு தயங்குவதுண்டு. மேகநோயைக் கண்டறியும் வி.டி.ஆர்.எல். இரத்தச் சோதனைகூட, 1940-களின் தொடக்கத்தில் மேரி பாங்போர்ன் மாட்டு இதயத்திலிருந்து பிரித்த கார்டியோலிப்பின் என்னும் கொழுப்பை அடிப்படையாகக் கொண்டதே. சோதனைக் குழாயில் கையாள்வதும் உண்பதும் ஒன்றாகா என்பது வெளிப்படை. ஆயினும் அக்கொழுப்பு மருந்தின் உறையாகி உடலுக்குள் செல்லும்போது மூலம் எது என்ற வினா பொருளுடையதாகிறது. ஒரு பொருள் இயல்பு மாறி வேறொன்றாவதை ஃபிக்ஹு அறிஞர்கள் 'இஸ்திஹாலா' என்ற தலைப்பில் நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளனர். மது தானாகவே காடியானால் அது தூயது என்பதில் கருத்தொற்றுமை உண்டு. மனிதர் ஏதேனும் பொருளைச் சேர்த்துக் காடியாக்கினால் ஹனஃபீ மத்ஹபில் அது கூடும், ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது. கரைப்பானால் வடித்தெடுத்த பாஸ்போலிப்பிடு இயல்பு மாறாமல் அப்படியே வெளிவருகிறது. ஆகவே அதனை இவ்விலக்கணத்தில் அடக்குவது கடினம் என்றே வேதியியல் அறிந்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுகிறது. தீர்ப்புரைப்பது ஆலிம்களின் பொறுப்பு. ஈஸ்டும் சோயாவும் மூலமாகும்போது இவ்வினாவே எழாது என்பதை மட்டும் சுட்டிக்காட்டலாம். மாட்டு மூளை நோய் ஐரோப்பாவை உலுக்கிய 1990-களுக்குப் பின், சமயக் காரணம் ஏதுமில்லாத மருந்து நிறுவனங்களும் விலங்கு மூலங்களிலிருந்து விலகத் தொடங்கியதும் நோக்கத்தக்கது.

நம் நாட்டில் ஈஸ்ட் கொழுப்பாய்வுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ராம் ராஜசேகரன் நடத்திய ஆய்வுகளைக் கூறலாம். இவர் பின்னாளில் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். கொழுப்பை ஆக்கும் நொதிகள் சவ்வில் பதிந்தே இருக்கும் என்பது பாடநூல்களின் கூற்று. அவருடைய குழுவினர் 2001-இல், கொழுப்பு மிகுந்த ரோடோடோருலா என்ற ஈஸ்ட் வகையில், சவ்வுக்கு வெளியே கரைந்த நிலையிலேயே அந்நொதிகள் கூட்டாக இயங்குவதை எடுத்துக்காட்டினர். 2008-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. ஈஸ்டின்மீது கரிமக் கரைப்பானைப் பாய்ச்சினால் அது தன் சவ்வைச் செப்பனிடப் பாஸ்போலிப்பிடுகளை மிகுதியாக ஆக்குகிறது. அதற்குப் பொறுப்பான மரபணு ஐ.சி.டி.1 என்று கண்டனர். மனிதரில் அதனை ஒத்த மரபணு சி.ஜி.ஐ.-58. அது பழுதுபட்டால் தோல் மீன்செதிள் போலாகி, இரத்த வெள்ளணுக்களிலும் கொழுப்புத் துளிகள் தேங்கும் கனாரின்-டார்ஃப்மன் என்னும் அரிய பரம்பரை நோய் உண்டாகிறது. மனித மரபணுவை ஈஸ்டில் ஏற்றி, அந்த ஈஸ்டின் கொழுப்பைப் பிரித்துப் பார்த்தபோது பாஸ்பாட்டிடிக் அமிலம் பெருகியிருந்தது. அம்மரபணு செய்யக்கூடிய ஒரு பணி இவ்வாறு வெளிப்பட்டது. கொழுப்பறுக்கும் நொதிகளை முதலில் முடக்காமல் பிரித்திருந்தால், அதே அமிலம் பிழையாலும் பெருகியிருக்கும் என்பதை வாசகர்கள் நினைவுகூர்க.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் வாசந்தி நாச்சியப்பன் குழுவினர் காட்மியத்தை எடுத்துக்கொண்டனர். மின்கலங்களிலும் வண்ணப்பூச்சுகளிலும் சிகரெட் புகையிலும் உள்ள இவ்வுலோகம் ஈஸ்டின் பாஸ்போலிப்பிடுகளை எவ்வாறு சிதைக்கிறது, அதனைத் தடுக்கும் நொதி எது என்பது அவர்களின் 2011-ஆம் ஆண்டுக் கட்டுரையின் பொருள். தொழிற்பேட்டைக் கழிவுநீர் நிலத்தடியில் இறங்கும் ஊர்களுக்கு இது ஏட்டுச் செய்தி அன்று.

இப்போது ஆம்ஃபோடெரிசினுக்குத் திரும்புவோம். வெனிசுலாவின் ஒரினோகோ ஆற்றோர மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து 1955-இல் பிரிக்கப்பட்ட மருந்து அது. எர்காஸ்டெரால் உள்ள சவ்வில் சென்று ஒட்டிக்கொண்டு ஓட்டையிடுகிறது, அதனால் பூஞ்சை சாகிறது என்று நெடுங்காலம் நம்பினர். எர்காஸ்டெரால் கலந்த கொழுப்புக் குமிழிகளையும், கலவாத குமிழிகளையும் ஆக்கி ஒப்பிட்ட ஆய்வொன்று 2014-இல் வேறொரு காட்சியைக் காட்டியது. மருந்தின் மூலக்கூறுகள் சவ்வின் மேற்பரப்பில் திரண்டு, பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் எர்காஸ்டெராலைச் சவ்விலிருந்து உறிஞ்சி எடுக்கின்றன. எர்காஸ்டெராலை இழப்பதே பூஞ்சையின் சாவுக்குப் பெரிய காரணம். கொலஸ்ட்ராலோடும் அம்மருந்து ஓரளவு சேரும் என்பதால்தான் சிறுநீரகச் செல்கள் துன்புறுகின்றன. 1990-களில் சந்தைக்கு வந்த லிப்போசோமல் வகையில், சோயாவிலிருந்து பெற்று ஹைட்ரஜனேற்றிய லெசித்தின், வேறொரு பாஸ்போலிப்பிடு, கொலஸ்ட்ரால் ஆகியவற்றாலான, ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் சிறிய குமிழிகளுக்குள் மருந்து பிணைந்திருக்கிறது. குமிழியிலேயே கொலஸ்ட்ரால் இருப்பதால் மருந்து அங்கே அமைதியாய்த் தங்குகிறது. தான் மேலும் விரும்பும் எர்காஸ்டெரால் எதிர்ப்படும்போது அதனிடம் செல்கிறது. 2021-இல் தட்டுப்பாடு வந்தது மருந்துக்கு மட்டுமன்று. இத்தூய்மையில் கொழுப்பை ஆக்கித் தருவோர் உலகிலேயே சிலராயிருந்ததும் ஒரு காரணம்.

ஃப்ளுகோனசோல் முதலான வேறு பூஞ்சை மருந்துகள் எர்காஸ்டெராலைத் தொடுவதில்லை. அதனை ஆக்கும் நொதியையே தடுக்கின்றன. மியூகோர் வகைப் பூஞ்சைகள் ஃப்ளுகோனசோலுக்கு இயல்பாகவே அடங்குவதில்லை. ஈஸ்டின் உறவான கேண்டிடா அடங்கும். ஆனால் 2009-இல் ஜப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்டு, விரைவில் இந்திய மருத்துவமனைகளிலும் காணப்பட்ட கேண்டிடா ஆரிஸ் என்னும் வகையில் பெரும்பாலானவை அதற்கு அசைவதில்லை. நோயாளியிடமிருந்து பெற்ற கேண்டிடா மருந்துக்கு எவ்வாறு வினைபுரிகிறது என்பதை எர்காஸ்டெராலை அளந்தே ஆராயலாம். இதற்கு விலையுயர்ந்த நிறை நிறமாலைமானி வேண்டியதில்லை. செல்களைச் சாராயம் கலந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கினால் பிற கொழுப்புகள் சோப்பாகிவிடும்; சோப்பாகாத எர்காஸ்டெராலை ஹெப்டேனில் பிரித்து, புறஊதா நிறமாலைமானியில் 240 முதல் 300 நானோமீட்டர் வரை ஓட்டிப் பார்த்தால் நான்கு முகடுகள் கொண்ட வளைகோடு ஒன்று தோன்றும். அக்கருவி புதுவையின் பட்டமேற்படிப்புக் கல்லூரிகள் பலவற்றிலும், காலாப்பட்டில் 1985-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்திலும் உள்ளதுதான். மருந்துக்கு அடங்கும் கேண்டிடாவை ஃப்ளுகோனசோல் சேர்த்த நீர்மத்தில் வளர்த்தால், மருந்தின் அளவு கூடக்கூட நான்கு முகடுகளும் தாழ்ந்து இறுதியில் மட்டமான கோடாகிவிடும். அடங்காததில் மருந்தைப் பலமடங்கு கூட்டிய பின்னும் முகடுகள் அப்படியே நிற்கும்.